19 கைகள்: ஒரு பேரவைத் தீர்மானம் செல்லாமல் போனது எப்படி?

பின்னணி

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பேரவையில் நடந்த விஷயம் இது. ஆட்களின் பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். அப்போது நான்தான் பேரவையின் செயலர். கீழே வரும் தவறுகளில் குறைந்தது மூன்று என்னுடையவை. அவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பேரவையில் மொத்தம் 64 உறுப்பினர்கள். 58 பேர் துறைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 6 பேர் பதவிவழி வருபவர்கள். எல்லோருக்கும் வாக்கு உண்டு. பாடத்திட்டம், தேர்வு முறை, மதிப்பெண் விகிதம், சேர்க்கைத் தகுதி ஆகியவை பேரவையின் கையில். பணமும் பணி நியமனமும் ஆட்சிக்குழுவின் கையில். பேரவை கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

அமைப்பு விதிகள் 14 பக்கம். தேர்தல் எப்படி, பதவிக்காலம் எவ்வளவு, யாரை எப்போது நீக்கலாம் என்பதெல்லாம் விரிவாக இருக்கும். கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கு நான்கே வாக்கியங்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக அரங்கில் இருந்தாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், 33 பேர். முடிவுகள் 'வந்திருக்கும் உறுப்பினர்களின் பெரும்பான்மை'யால் எடுக்கப்படும். கல்வி ஒழுங்குமுறைகளை மாற்றும் எந்தத் தீர்மானத்துக்கும் அதன் வாசகத்தோடு 7 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். விதிகள் மௌனமாக இருக்கும் இடங்களில் ராபர்ட் விதித்தொகுப்பு பொருந்தும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர். 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவது என்று தெரியாமல் ஏறி உட்கார்ந்தார், கூட்டம் கையை மீறிப் போனது. அந்தச் சங்கடத்தில் படிக்கத் தொடங்கியவர் 1876இல் தன் விதித்தொகுப்பை அச்சிட்டார். அது இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது, 12ஆம் பதிப்பு 2020இல் வந்தது. எங்கள் செயலர் அறை அலமாரியிலும் ஒரு பிரதி இருந்தது. பொறுப்பேற்ற இரண்டு வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. இது முதல் தவறு.

அன்றைய கூட்டம்

பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் தொடங்கியது. வருகைப் பதிவேட்டில் 41 கையெழுத்து. நிகழ்ச்சி நிரலில் 11 பொருள்கள். இரண்டாவது பொருள் நூலகம் மூடும் நேரம். அதற்கு மட்டும் 50 நிமிடம் போனது. நூலகம் எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதால் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அதற்கு அடுத்து வந்த முனைவர் பட்ட ஒழுங்குமுறை 6 நிமிடத்தில் முடிந்துபோனது. கூட்டம் நடத்தியவர்கள் யாருக்கும் இது புதிதாக இருக்காது.

5.40க்கு நிரலின் கடைசி வரிக்கு வந்தோம்: 'தலைவரின் அனுமதியுடன் இதர பொருள்கள்.' ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார். அக மதிப்பீட்டின் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்த வேண்டும், இறுதித் தேர்வின் பங்கு அந்த அளவுக்குக் குறைய வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். ஒற்றைத்தாள் ஒன்று கை மாறிக் கை மாறி வந்தது. நாற்பது பேருக்குப் பதினைந்து பிரதிகள்.

"இதுக்கு முன்னறிவிப்பு வேண்டாமா?" என்று யாரோ கேட்டார்கள். "விதியைத் தளர்த்தி எடுத்துக்கலாமே, அவசரம்தானே" என்று பதில் வந்தது. தலைவர் சுற்றிலும் பார்த்து, "ஆட்சேபணை உண்டா?" என்றார். முணுமுணுப்பு கேட்டது, ஆனால் யாரும் எழவில்லை. அமைப்பு விதிகள் என் கைக்கு எட்டும் தூரத்தில், மேசை மேலேயே இருந்தன. நானும் எழவில்லை. இரண்டாவது தவறு.

விவாதத்தில் ஏழு பேர் பேசினார்கள். அதில் மூன்று பேர் இரண்டு தடவை. ஒலிவாங்கி முன்வரிசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் ஐந்து கைகள் கடைசி வரை தூக்கியபடியே இருந்ததை நான் குறித்து வைத்திருக்கிறேன். 6.10 சுமாருக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "போதும் சார், ஓட்டுக்கு விட்டுடலாம்." சிலர் மேசையைத் தட்டினார்கள். தலைவர் அதையே கூட்டத்தின் விருப்பமாக எடுத்துக்கொண்டு வாக்கெடுப்புக்குப் போனார். விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதை நான் பிறகுதான் படித்தேன். ஒருவர் சத்தம் போட்டதற்காக, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் காத்திருந்த ஐந்து பேரின் பேச்சு நின்றுபோனது.

ஆதரவுக் கைகளை நான் எண்ணினேன். வலது ஓரத்திலிருந்து பேனா முனையால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்ததில் 20 வந்தது. எழுதப் போகும்போது மூன்றாம் வரிசையில் ஒருவர், "என் கையை எண்ணாதீங்க, நான் மைக் கேட்டேன்" என்றார். 19 ஆனது. எதிர்ப்பு 14. "தீர்மானம் நிறைவேறியது" என்று தலைவர் அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன, கூட்டம் கலைந்தது.

கூட்டம் கலைந்த பிறகு

இரண்டு நாளில் கூட்டக்குறிப்பின் வரைவை எழுதி அனுப்பினேன். இந்தப் பொருளுக்கு நேராக நான் எழுதியது ஒரே வரி: 'விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.' எண்கள் எதுவும் போடவில்லை. வழக்கம் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது தவறு இது, மூன்றிலும் பெரியது இதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வேலை நாளில் கல்விப் பிரிவு அலுவலகம் வரைவை வைத்தே துறைகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. இரண்டு துறைகள் உடனே பாடவேளைத் திட்டத்தை மாற்றி, புதிய விகிதத்தை மாணவர்களிடமும் சொல்லிவிட்டன. ஒரு பாடத்தில் அதன்படி முதல் தேர்வே நடந்து முடிந்தது.

ஒன்பதாம் நாள் 11 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. தீர்மானம் தோற்றுவிட்டது, நிறைவேறியதாகக் குறிப்பில் எழுதியது தவறு என்றது கடிதம்.

மூன்று கணக்கு

கடிதத்தின் வாதம் எளிமையானது. 'வந்திருக்கும் உறுப்பினர்களின் பெரும்பான்மை' என்று விதி சொல்கிறது. அரங்கில் எத்தனை பேர் இருந்தார்கள்?

தேடிப் பார்த்ததில் மூன்று பேர் வாக்கெடுப்புக்கு முன்பே கிளம்பிவிட்டது தெரிந்தது. அந்த மூன்று பேரிடமும் பேசி உறுதி செய்துகொண்டேன். ஆகவே அரங்கில் 38 பேர். ஆதரவு 19, எதிர்ப்பு 14, மீதி 5 பேர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. அந்த ஐவரில் தலைவரும் ஒருவர்.

38இல் 19 என்பது சரியாகப் பாதி. பாதி பெரும்பான்மை ஆகாது. ஆகவே 11 பேர் சொல்வதன்படி தீர்மானம் தோற்றது.

முன்மொழிந்தவர் தரப்பு வேறு கணக்குப் போட்டது. வாக்களித்தவர்கள் 33 பேர், அதில் 19 என்பது தெளிவான பெரும்பான்மை. ராபர்ட் தொகுப்பும் பெரும்பான்மையை அப்படித்தான் கணக்கிடுகிறது: அளித்த வாக்குகளில் பாதிக்கு மேல், வாக்களிக்காதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் அந்தத் தொகுப்பு எங்கள் விதிகள் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் பொருந்தும். இங்கே விதி பேசியிருந்தது. எழுதியவர்கள் அந்தச் சொல்லின் பொருளை யோசித்துத்தான் எழுதினார்களா என்பது வேறு கேள்வி. ஆனால் சொல் சொல்தான்.

மூன்றாவது கணக்கு பதிவேட்டை வைத்து. கையெழுத்துப் போட்ட 41 பேரும் 'வந்தவர்கள்'தானே என்றார் ஒருவர். அப்படிப் பார்த்தால் 21 வேண்டும், தீர்மானம் தோல்விதான். இதற்கிடையே இன்னொருவர், 33 பேர்தான் வாக்களித்தார்கள், கோரம் மயிரிழையில் தப்பியது என்று ஒரு மின்னஞ்சல் போட்டார். அது வெறும் குழப்பம். கோரத்துக்கு எண்ண வேண்டியது அரங்கில் இருப்பவர்களை, வாக்களித்தவர்களை இல்லை. 38 பேர் இருந்தார்கள், கோரம் இருந்தது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. பெரிய கூட்டங்களில் தலைவர், தானும் உறுப்பினராக இருந்தால், தன் வாக்கு முடிவை மாற்றும் என்ற நிலையில் வாக்களிக்கலாம். அன்று எண்ணிக்கை தெரிந்திருந்தால் தலைவர் கை தூக்கியிருக்கலாம், 20 ஆகியிருக்கும், அரங்கில் இருந்த 38 பேரில் பெரும்பான்மை கிடைத்திருக்கும். அவர் தீர்மானத்தை ஆதரிப்பவர்தான். நடுநிலை கெடக் கூடாது என்று சும்மா இருந்தார். தான் சும்மா இருந்ததே எதிர்ப்பு வாக்காக மாறும் என்று அவர் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் பேரவை முழுக்க இந்த மூன்று எண்களைப் பற்றித்தான் பேச்சு. நடைக்கூடத்தில் இரண்டு பேர் நின்றால் 38, 41, 33 என்று காதில் விழும்.

ஒரு கேள்வி

அப்புறம் ஒரு நாள் மாலை இளம் உறுப்பினர் ஒருவர் என் அறைக்கு வந்தார். பேரவையில் அவருக்கு அது முதல் பதவிக்காலம். கூட்டத்தன்று அவர் வரவில்லை, மாணவர்களின் செய்முறைத் தேர்வை நடத்திக்கொண்டிருந்தார். எந்தப் பக்கமும் கையெழுத்திடாதவர்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். எனக்கு வந்த நிரல்ல அந்தத் தீர்மானம் இல்லையே?"

"நிரலில் இல்லைம்மா. இதர பொருளில் வந்தது."

"நிரலைப் பார்த்துட்டுத்தான் சார் லேபிலேயே இருந்துடலாம்னு முடிவு பண்ணினேன். எங்க துறைக்குச் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லைன்னு நினைச்சேன். அந்த முடிவு தப்பா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் போன பிறகுதான் அந்த 14 பக்கத்தைச் சரியாகப் படித்தேன், அன்று இரவே அலமாரியிலிருந்த தொகுப்பையும் எடுத்தேன்.

மதிப்பெண் விகிதத்தை மாற்றுவது கல்வி ஒழுங்குமுறை மாற்றம். அதற்கு வாசகத்தோடு 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுக்கவில்லை. 'விதியைத் தளர்த்தி எடுத்துக்கொண்டோம்' என்பது செல்லுமா என்று பார்த்தேன். பேச்சு நேரம், பொருள்களின் வரிசை போன்ற நடைமுறை விதிகளைக் கூட்டம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தளர்த்தலாம். அமைப்பு விதியை அப்படித் தளர்த்த முடியாது, அந்த விதியே அதற்கு இடம் கொடுத்திருந்தால் ஒழிய. அரங்கில் இருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சம்மதித்திருந்தாலும் முடியாது. காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னறிவிப்பு அரங்கில் இருப்பவர்களின் உரிமை என்றால் அவர்கள் விட்டுக்கொடுக்கலாம். அது வராதவர்களின் உரிமை. வந்தவர்கள் அதை எப்படி விட்டுக்கொடுப்பார்கள்?

இன்னொரு தடையும் இருந்தது. விதி மீறப்படுகிறது என்று உறுப்பினர் எழுந்து சுட்டிக்காட்டுவதுதான் ஒழுங்குப் பிரச்சினை; அதை மீறல் நடக்கும் அந்த நேரத்திலேயே எழுப்ப வேண்டும், கூட்டம் கலைந்த பிறகு எழுப்புவது காலம் கடந்தது என்பது பொது விதி. கை எண்ணிக்கை பற்றிய சண்டை முழுக்க இந்தத் தடையில் மாட்டிக்கொள்ளும். முன்னறிவிப்புக் குறை மாட்டாது. அமைப்பு விதிக்கு முரணான முடிவும், வராதவர்களின் உரிமையைப் பறித்த முடிவும் நிலைத்திருக்கும் வரை மீறலும் தொடர்கிறது என்பது கணக்கு. அதை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம்.

இரண்டு வாரம் நாங்கள் 38 பேரை எண்ணிக்கொண்டிருந்தோம். யாரும் எண்ணாதது, கூட்டம் தொடங்கும்போதே அரங்குக்கு வெளியே இருந்த 23 பேரை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

தலைவர், நான், விதிகள் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற பதிவாளர் ஒருவர், மூவரும் உட்கார்ந்து பேசினோம். வழிகள் மூன்று இருந்தன.

முதல் வழி, அடுத்த கூட்டத்தில் குறிப்பைத் திருத்துவது. 11 பேரும் கேட்டது அதைத்தான். ஆனால் குறிப்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். தலைவர் 'நிறைவேறியது' என்று அறிவித்தார் என்பது நடந்தது. அதைத் 'தோற்றது' என்று திருத்தினால் குறிப்பு பொய்யாகிவிடும். இந்தப் பாதை பிறருக்கும் கெட்ட முன்னுதாரணம். பிடிக்காத முடிவையெல்லாம் குறிப்பைத் திருத்தியே மாற்றலாம் என்று ஆகிவிடும்.

இரண்டாவது வழி, தீர்மானத்தை ரத்து செய்வது. முன்னறிவிப்போடு கொண்டுவந்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும். அமைதியான வழி, யாருக்கும் முகம் சுண்டாது. தலைவருக்கு முதலில் இதுதான் பிடித்திருந்தது. பதிவாளர் ஒரு கேள்வி கேட்டார்: "ரத்து பண்ணினா, இதுவரைக்கும் அது செல்லுபடியா இருந்துச்சுன்னு ஒத்துக்கறோம். அந்த ஒரு தேர்வு எழுதின பிள்ளைங்களுக்கு எந்த விகிதம்?" அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் ஒரு விகிதமும் மற்றவர்களுக்கு வேறு விகிதமும் என்று நிற்கும். சரிவராது.

மூன்றாவது வழி, முன்னறிவிப்பு இல்லாததால் தீர்மானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தலைவர் கூட்டத்தில் தீர்ப்பளிப்பது. இதில் சங்கடம் தலைவருக்குத்தான். அனுமதித்தவரே அவர். தன் தவறைத் தானே எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். ஒரு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இந்த நிகழ்வில் மரியாதைக்குரிய தருணம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கை எண்ணிக்கை விவகாரத்தில் தீர்ப்பு சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம். தீர்மானமே செல்லாது என்றால் 19 வென்றதா தோற்றதா என்பதற்கு வேலை இல்லை. அதைத் தொட்டிருந்தால் சண்டை இன்னொரு மாதம் ஓடியிருக்கும்.

இரண்டாவது கூட்டம்

47 பேர் வந்தார்கள். குறிப்பு ஒப்புதலிலேயே 25 நிமிடம் போனது. "அன்னிக்கு வராதவங்க குறிப்பைப் பத்திப் பேசலாமா?" என்று ஒருவர் கேட்டார். இது பல இடங்களில் கேட்கும் கேள்வி. பேசலாம். குறிப்பு பேரவையின் ஆவணம், அதைச் சரிபார்க்கும் உரிமை எல்லா உறுப்பினருக்கும் உண்டு. 'ஆதரவு 19, எதிர்ப்பு 14' என்ற எண்களைச் சேர்ப்பதோடு திருத்தம் நின்றது.

பிறகு அந்த இளம் உறுப்பினர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். மூன்றே வாக்கியம். தலைவர் எழுதி வைத்திருந்த தீர்ப்பைப் படித்தார்: தீர்மானம் செல்லாது, அதன் மேல் வந்த சுற்றறிக்கையும் செல்லாது. "அன்று இதை அனுமதித்தது என் பிழை" என்ற வரியும் அதில் இருந்தது.

முன்மொழிந்தவர் உடனே மேல்முறையீடு செய்தார். அது அவருடைய உரிமை, வழிமொழியவும் ஆள் இருந்தது. தலைவரின் தீர்ப்பு கடைசிச் சொல் ஆகாது, பேரவை விரும்பினால் மாற்றலாம். மேல்முறையீட்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு முறைதான் பேசலாம், தலைவர் மட்டும் இரண்டு முறை, தொடக்கத்திலும் முடிவிலும். இதை முன்கூட்டியே வாசித்துக் காட்டியதால் விவாதம் 20 நிமிடத்தில் முடிந்தது. 'தலைவரின் தீர்ப்பு நிலைக்க வேண்டுமா?' என்பதுதான் கேள்வி. வாக்கு சமமாக விழுந்தாலும் தீர்ப்பு நிலைக்கும். 27 பேர் நிலைக்க வேண்டும் என்றார்கள், 18 பேர் வேண்டாம் என்றார்கள், 2 பேர் வாக்களிக்கவில்லை. 47இல் 27 என்பதால் எந்தக் கணக்குக்கும் இடமில்லை.

முன்மொழிந்தவர் கோப்பை மூடிக்கொண்டு வெளியே போனார். மதிப்பீட்டுக் குழுவிலிருந்தும் அந்த வாரமே விலகிக்கொண்டார். அவருடைய யோசனையில் குறை இல்லை, அது வந்த வழியில்தான் குறை என்று நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. நடந்து முடிந்த அந்த ஒரு தேர்வின் மதிப்பெண்களைப் பழைய விகிதத்துக்கு மாற்றினார்கள். அதிகம் எடுத்திருந்த மாணவர்கள் அலுவலகத்துக்கு மனு கொடுத்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதே பொருள், மறுபடி

மூன்றாவது கூட்டத்துக்கு 12 நாள் முன்பே தீர்மான வாசகம் எல்லோருக்கும் போனது. 55 பேர் வந்தார்கள். அந்த வருடத்தின் அதிகபட்ச வருகை.

அந்த இளம் உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். செய்முறைப் பாடங்களில் பதிவேடு, வாய்மொழித் தேர்வு என்று ஏற்கெனவே தனி விகிதம் இருக்கிறது, 50க்கு 50 என்று பொதுவாகப் போட்டால் அது உடையும். செய்முறைப் பாடங்களை விலக்கி, அடுத்த ஆண்டு சேரும் மாணவர்களிலிருந்து மட்டும் தொடங்க வேண்டும் என்பது திருத்தம். முதல் கூட்டத்தில் பேசிய ஏழு பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஏழு பேருமே எழுத்துத் தேர்வுப் பாடங்கள் நடத்துபவர்கள். திருத்தம் முதலில் வாக்கெடுப்புக்குப் போனது: 31க்கு 20.

மூலத் தீர்மானத்தின் மேல் விவாதம் நீண்டது. ஒருவர் விவாதத்தை முடிக்கும் கோரிக்கையை முறைப்படி வைத்தார். 32 ஆதரவு, 22 எதிர்ப்பு. 54 வாக்கில் 36 வேண்டும், ஆகவே கோரிக்கை விழுந்தது. எரிச்சல் தெரிந்தது. ஆனால் அடுத்த கால் மணி நேரத்தில் பேசிய நான்கு பேரும் அதுவரை வாய் திறக்காதவர்கள். அதற்குப் பிறகு "வேறு யாரும் பேச விரும்புகிறீர்களா?" என்று தலைவர் கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. திருத்திய தீர்மானம் 36க்கு 15 என்று நிறைவேறியது. வாக்களிக்காத 4 பேரையும் எதிர்ப்பில் சேர்த்தாலும் 36க்கு 19.

எல்லாம் சேர்ந்து ஒரு பருவம் தாமதம்.

நடைமுறை விதிகளை எழுதியது

சண்டை நடக்கும்போது விதி எழுதக் கூடாது என்று பதிவாளர் பிடிவாதமாகச் சொன்னார். ஒவ்வொரு வரியிலும் யாருக்கு லாபம் என்று பார்ப்பார்கள் என்றார். ஆகவே மூன்றாவது கூட்டம் முடிந்த பிறகே ஐந்து பேர் துணைக்குழு அமைந்தது. ஆறு வாரத்தில் நான்கு பக்கம் எழுதினோம்.

அதிக நேரம் எடுத்தது 'வந்திருக்கும்' என்ற ஒற்றைச் சொல். அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றவர்களிடம் நல்ல வாதம் இருந்தது. கல்வி முறையை மாற்றுவதற்கு மெல்லிய ஆதரவு போதாது, சும்மா இருப்பவர்களையும் இணங்க வைக்க வேண்டும் என்றார்கள். எதிர்வாதத்தைச் சொன்னவர் ஓர் உதவிப் பேராசிரியர். தன் துறைத் தலைவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது கை தூக்காமல் இருப்பதுதான் தன்னால் முடிந்த ஒரே நடுநிலை, அதையும் எதிர்ப்பாக எண்ணினால் தனக்கு நடுநிலையே இல்லாமல் போகும் என்றார். அரங்கு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அமைப்பு விதி திருத்தமாக, முன்னறிவிப்போடு, 'அளிக்கப்பட்ட வாக்குகளின் பெரும்பான்மை' என்று மாற்றினோம். 10 பேர் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு என்பதையும் சேர்த்தோம்.

மற்றவை சுலபமாக முடிந்தன. இதர பொருளில் தகவல் சொல்லலாம், வாழ்த்தலாம், முடிவெடுக்க முடியாது. ஒருவருக்கு ஒரு பொருளில் 3 நிமிடம், இன்னும் பேசாதவருக்கு முதலிடம், ஆதரவும் எதிர்ப்பும் மாறி மாறி. கைகளை இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும், எண்கள் குறிப்பில் வர வேண்டும்.

குறிப்பு ஒப்புதலாகும் வரை எந்த முடிவையும் அமல்படுத்தக் கூடாது என்று சிலர் கேட்டார்கள். நான் எதிர்த்தேன். முடிவு தலைவர் அறிவிக்கும்போதே நடைமுறைக்கு வந்துவிடுகிறது, குறிப்பு அதன் பதிவு மட்டும். இரண்டு மாதம் காத்திருந்தால் அலுவலகம் ஸ்தம்பித்துவிடும். அதற்குப் பதில், தீர்மான வாசகமும் வாக்கு எண்களும் கொண்ட ஒரு பக்க முடிவுத்தாளைத் தலைவரும் செயலரும் கையெழுத்திட்டு இரண்டு நாளில் அனுப்ப வேண்டும் என்று எழுதினோம். அலுவலகம் அதன்மேல்தான் நடவடிக்கை எடுக்கும்.

எல்லாமே சரியாக அமையவில்லை. 3 நிமிட விதி வந்த முதல் கூட்டத்திலேயே ஒருவர், "என் நேரத்தை அவருக்குத் தருகிறேன்" என்று ஆரம்பித்தார். இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள், ஒருவருக்கு 12 நிமிடம் கிடைத்தது. நேரத்தைக் கைமாற்றக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் ஒரு வரி சேர்த்தோம். சர்ச்சையில்லாத பொருள்களை ஒரே கட்டாக நிறைவேற்றும் முறை நேரத்தை நன்றாகவே மிச்சப்படுத்தியது. ஆனால் ஒரு தடவை பாடத் தலைப்பு மாற்றம் என்ற பெயரில் பாடத்தின் மதிப்பலகு (கிரெடிட்) மாற்றமும் அந்தக் கட்டுக்குள் வந்துவிட்டது. யாராவது ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலும், காரணம் சொல்லாமலே, ஒரு பொருளைக் கட்டிலிருந்து வெளியே எடுக்கலாம் என்ற விதி இருந்ததால் அது பிடிபட்டது.

இப்போது செய்வதாக இருந்தால்

"ஆட்சேபணை உண்டா?" என்று தலைவர் கேட்ட அந்த நொடியில் செயலர் எழுந்திருக்க வேண்டும். செயலருக்குக் கூச்சம் என்றால், விதிகளுக்கென்று ஓர் ஆலோசகர் தலைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். தீர்ப்பு சொல்வது அவர் வேலை இல்லை, காதில் சொல்வதுதான் வேலை. எங்கள் பதிவாளர் இப்போது அங்கே உட்காருகிறார்.

குறிப்பில் எண் போடாததுதான் பெரிய தவறு என்று நினைத்திருந்தேன் என்று சொன்னேன் இல்லையா, இப்போது அப்படி நினைக்கவில்லை. எண்ணைப் போட்டிருந்தால் சண்டை ஒரு வாரம் முன்பே தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். முன்னறிவிப்பைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முன்மொழிந்தவரிடம் கூட்டத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். அந்த ஒற்றைத்தாளை அவர் பத்து நாள் முன்பே தயார் செய்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. நிரலில் சேர்க்க யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசித் தேதியையும் கொடுக்க வேண்டிய இடத்தையும் இப்போது ஒவ்வொரு அழைப்பிதழின் அடியிலும் அச்சிடுகிறோம்.

வாசல் பக்கம் ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறோம். நடுவில் கிளம்புபவர்கள் நேரத்தைக் குறித்துவிட்டுப் போக வேண்டும். இணையம் வழியாகக் கூட்டத்தில் சேர்ந்து, கேமராவை அணைத்துவைத்திருக்கும் உறுப்பினரைக் கோரத்தில் எண்ணலாமா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. துணைக்குழு இரண்டு தடவை வரைவு எழுதியது, இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவது வரைவு அடுத்த கூட்டத்தின் நிரலில், நான்காவது பொருளாக இருக்கிறது.